அவுட்பேக் மழையும் டிரெய்லர் முகாமும்

அவுட்பேக் என்பது ஆஸ்திரேலியாவின் கடலோர நகரங்களைத் தாண்டி உள்ளே விரிந்து கிடக்கும் வறண்ட நிலப்பரப்பு. இதற்கு அரசு வரையறுத்த எல்லைக்கோடு எதுவும் இல்லை. ஆள் நடமாட்டம் குறைந்து, தார்ச்சாலை மண்சாலையாகி, ஒரு பெட்ரோல் நிலையத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே 200, 300 கிலோமீட்டர் இடைவெளி வரும்போது அவுட்பேக் வந்துவிட்டது என்று கொள்வார்கள். நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டிக்குப் பின்னால், கூடாரமும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் கொண்ட டிரெய்லரைப் பூட்டிக்கொண்டு இந்த நிலத்தில் வாரக்கணக்கில் சுற்றுவது ஆஸ்திரேலியரின் பழக்கமான விடுமுறை. பணி ஓய்வு பெற்றபின் மாதக்கணக்கில் இப்படித் திரிபவர்களை அங்கே 'கிரே நோமேட்', அதாவது நரைத்த தலை நாடோடிகள், என்று அழைப்பதுண்டு.

வறட்சிக்குப் பேர்போன நிலம் என்பதால் பலரும் வெயிலுக்கும் தாகத்துக்கும் மட்டுமே ஆயத்தமாகிப் போகிறார்கள். ஆனால் பயணத்தை அடியோடு நிறுத்திவிடுவது பெரும்பாலும் மழைதான். மழையில் டிரெய்லர் இரண்டு வேடம் போடுகிறது. நின்ற இடத்தில் அது படுக்கையும் உணவும் கூரையும் உள்ள வீடு. நகரத் தொடங்கினால் வண்டியின் முதுகில் கட்டிய ஒரு டன் சுமை. இந்த இரண்டில் எந்த வேடத்தில் அதை வைத்துக்கொள்வது என்பதுதான் ஈரப்பதமான நாட்களில் எடுக்க வேண்டிய முக்கிய முடிவு. மற்ற உத்திகள் எல்லாம் அதற்குப் பின்னரே வருகின்றன.

மழை வரும் காலம்

ஆஸ்திரேலியாவின் வடபகுதியில், அதாவது டார்வின், கக்காடு, கிம்பர்லி வட்டாரங்களில், நவம்பர் முதல் ஏப்ரல் வரை பருவமழைக் காலம். அப்போது பல மண்சாலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடக்கும். கிம்பர்லியைக் கடக்கும் கிப் ரிவர் சாலை அவற்றுள் ஒன்று. ஆகவே வடக்கே டிரெய்லருடன் போகிறவர்கள் மே முதல் செப்டம்பர் வரையிலான வறண்ட மாதங்களைத் தேர்ந்துகொள்கிறார்கள்.

சிக்கல் நடுப்பகுதியில்தான். சிம்ப்சன் பாலைவனம், பேர்ட்ஸ்வில், ஊட்னடாட்டா, கூபர் பீடி போன்ற இடங்களில் ஆண்டு மழை சராசரி 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. தமிழ்நாட்டில் ஒரு புயல் நாளில் பெய்துவிடக்கூடிய அளவு அது. ஆனால் இந்தச் சராசரி ஏமாற்றக்கூடியது. ஓராண்டு முழுக்கத் தூறலோடு போகும். அடுத்த ஆண்டு இரண்டே நாளில் ஓராண்டு மழை கொட்டித் தீர்க்கும். எந்த மாதத்தில் என்ற கணக்கும் கிடையாது. பசிபிக் பெருங்கடலின் 'லா நினா' நிலை நீடிக்கும் ஆண்டுகளில் இது அடிக்கடி நடக்கிறது.

2010 செப்டம்பரில் பேர்ட்ஸ்வில் குதிரைப் பந்தயம் மழையால் கைவிடப்பட்டது. நூறு பேர் அளவில் வசிக்கும் அந்தப் பாலைவன ஊருக்குப் பந்தயம் பார்க்க ஆயிரக்கணக்கானோர் வந்து முகாமிட்டிருந்தார்கள். பந்தயமும் இல்லை, திரும்பிப் போக வழியும் இல்லை என்ற நிலையில் சேற்றுக்கு நடுவே காத்திருந்தார்கள். 2022 ஜனவரியில் தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தில் பெய்த மழை, கண்டத்தைத் தெற்கு வடக்காகக் கடக்கும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையை கிளெண்டாம்போ அருகே மூழ்கடித்தது. அது மண்பாதையல்ல, 1987 முதல் முழுக்கத் தார் போட்ட முதன்மைச் சாலை. கிழக்கு மேற்கு ரயில் பாதையும் அரித்துக்கொண்டு போனதால் கூபர் பீடி ஊருக்கு விமானப்படை விமானத்தில் உணவு கொண்டுசெல்ல வேண்டியிருந்தது.

மண்ணின் குணம்

அவுட்பேக் மழையைப் புரிந்துகொள்ள வானத்தைவிட நிலத்தைப் பார்ப்பது பயன் தரும். அங்கே பெருமளவில் இருப்பது விரியும் களிமண். மண்ணியலில் இதை வெர்ட்டிசால் வகை என்பர். உலகில் இந்த மண் மிகுதியாக உள்ள நாடுகள் ஆஸ்திரேலியா, இந்தியா, சூடான். கோவில்பட்டி, விளாத்திகுளம், சாத்தூர் பக்கத்துக் கரிசல் இதே வகைதான். கோடையில் கை நுழையும் அளவு பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதும், ஒரு மழை விழுந்ததும் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாமல் இழுப்பதும் கரிசல்காட்டுக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்தக் களிமண்ணில் உள்ள ஸ்மெக்டைட் வகைக் கனிமம் மெல்லிய தகடுகளை அடுக்கிவைத்ததுபோன்ற அமைப்பு உடையது. தகடுகளின் இடைவெளியில் நீர் புகுந்ததும் மண் ஊதுகிறது. காய்ந்தால் சுருங்கி வெடிக்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் ஊதியும் சுருங்கியும் நிலத்தின் மேற்பரப்பே குண்டும் குழியுமாக மாறிவிடும். இந்தக் குழிகளை ஆஸ்திரேலியாவில் 'கில்கை' என்கிறார்கள். சிறு நீர்நிலையைக் குறிக்கும் பழங்குடிச் சொல் மண்ணியல் நூல்களுக்குள் நுழைந்து உலகச் சொல்லாகிவிட்டது.

பயணிக்கு இதனால் வரும் தொல்லை பெரிது. சில மில்லிமீட்டர் மழை போதும். மேல்தோல் மட்டும் நனைந்து, கீழே காய்ந்த கட்டாந்தரை, மேலே சோப்புக் குழம்பு என்று ஆகிவிடும். டயரின் வெட்டுகளுக்குள் களிமண் அடைத்துக்கொள்ள, டயர் வழுவழுப்பான உருளையாகிறது. மேலும் ஓட்டினால் மண் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி, சக்கரத்துக்கும் மட்காப்புக்கும் நடுவே இறுகிவிடும். இழுக்கும் வண்டியின் சக்கரத்தை இயந்திரம் முறுக்குவதால் அது எப்படியோ சுற்றிக்கொண்டிருக்கும். டிரெய்லர் சக்கரத்தைச் சுற்றவைக்க எதுவும் இல்லை. அது நின்றுபோய், டிரெய்லர் சறுக்குப் பலகைபோல மண்ணைச் சுரண்டிக்கொண்டு வரும். பின்னால் என்ன நடக்கிறது என்பது ஓட்டுநருக்கு இயந்திரம் திணறும்போதுதான் தெரியும்.

இன்னொன்று, மண்சாலைகள் மழைநீர் வடிவதற்காக நடு உயர்ந்து இருபுறமும் சரிந்து போடப்பட்டவை. ஈரக் களிமண்ணில் டிரெய்லர் அந்தச் சரிவில் பக்கவாட்டாக வழுக்கி ஓர வாய்க்காலை நோக்கிப் போகும். போகும்போது வண்டியின் பின்பகுதியையும் கூடவே இழுக்கும். திடீரென்று பிரேக் போட்டால் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளி, வண்டியும் டிரெய்லரும் கத்தரிக்கோல்போல மடங்கிவிட வாய்ப்புண்டு.

எல்லா மண்ணும் இப்படி இல்லை. மணல் நனைந்தால் இறுகும். சிம்ப்சன் பாலைவனத்தின் மணல்மேடுகள் லேசான மழைக்குப் பின் ஏறுவதற்கு எளிதாகவே இருக்கும். ஆனால் இரண்டு மேடுகளுக்கு நடுவே உள்ள தாழ்நிலம் களிமண். மேட்டைத் தாண்டிய மகிழ்ச்சியோடு இறங்கி, கீழே மாட்டிக்கொள்வது அங்கே வழக்கமான கதை. 'கிப்பர்' எனப்படும் கூழாங்கல் சமவெளியும் அப்படியே. மேலே கல் பரவல் நம்பிக்கை தரும், அடியில் களி காத்திருக்கும்.

மழை பெய்யாத இடத்து வெள்ளம்

குயின்ஸ்லாந்தின் தென்மேற்கில் 'சேனல் கன்ட்ரி' என்றொரு பகுதி உண்டு. கால்வாய்நாடு என்று சொல்லலாம். ஜார்ஜினா, டயமன்டினா, கூப்பர் கிரீக் ஆகிய ஆறுகள் இங்கே ஒற்றை ஆறாக ஓடாமல் நூற்றுக்கணக்கான கிளை வாய்க்கால்களாகப் பின்னிப் பிரிந்து ஓடுகின்றன. எல்லாம் கடலைச் சேராதவை. கண்டத்தின் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு நிலத்தின் நீர், கடல்மட்டத்துக்கும் சுமார் 15 மீட்டர் தாழ்ந்த கட்டி தாண்டா, அதாவது ஐர் ஏரியை நோக்கி வடிகிறது. வழியிலேயே மண்ணும் வெயிலும் குடித்தது போக மிஞ்சினால்தான் ஏரிக்கு.

நிலம் ஏறத்தாழத் தட்டையாக இருப்பதால் வெள்ளம் நடந்துபோகிற வேகத்தில், சிலசமயம் அதைவிட மெதுவாக நகர்கிறது. 2025 மார்ச் இறுதியில் மேற்குக் குயின்ஸ்லாந்தில் வரலாறு காணாத மழை பெய்து, ஜண்டா, தார்கோமிண்டா போன்ற சிற்றூர்களின் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுமாடுகள் இறந்தோ காணாமலோ போயின. அந்த நீர் கீழே ஐர் ஏரியைத் தொட ஒரு மாதத்துக்கும் மேல் ஆனது. அதாவது, நீல வானத்தின் கீழே, ஒரு துளிகூட மழை பெய்யாத இடத்தில் முகாமிட்டிருப்பவரைப் பல நூறு கிலோமீட்டர் அப்பால் போன மாதம் பெய்த மழை வந்து சூழ்ந்துகொள்ளலாம். எனவே அங்கே வானிலை முன்னறிவிப்பைப் பார்த்தால் மட்டும் போதாது. வானிலை மையம் வெளியிடும் ஆற்று வெள்ள எச்சரிக்கைகளையும், மேல்நிலத்தில் என்ன பெய்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மூடிய சாலை

மழை பெய்ததும் மாநில அரசும் உள்ளாட்சி நிர்வாகமும் மண்சாலைகளை மூடுகின்றன. சாலை தொடங்கும் ஊரில் பெரிய பலகை நிற்கும். எந்தப் பாதை திறப்பு, எது மூடல், எது நான்கு சக்கர இயக்க வண்டிக்கு மட்டும் என்று அதில் காட்டுவார்கள். மூடிய சாலையில் ஓட்டினால் கடுமையான தண்டம் உண்டு.

வெளியூர்க்காரர்கள் சிலருக்கு இது அதிகாரிகளின் கெடுபிடியாகத் தோன்றுகிறது. பெரிய டயர் போட்ட வண்டிக்கு இந்தச் சேறு எம்மாத்திரம் என்பார்கள். வண்டி ஒருவேளை கடந்துவிடும், சாலை கடக்காது. ஈரத்தில் விழுந்த முழங்கால் ஆழத் தடம் காய்ந்தால் சிமென்ட் வார்த்ததுபோல இறுகிவிடும். சமன்செய்யும் இயந்திரம் பல நூறு கிலோமீட்டர் தள்ளி வேறொரு சாலையில் வேலை செய்துகொண்டிருக்கும். அதுவரை அந்தத் தடத்தின் மேல்தான் கால்நடைப் பண்ணைக் குடும்பங்கள் மளிகைக்கும் மருத்துவத்துக்கும் போய்வர வேண்டும். விருந்தாளிக்கு அது ஒருநாள் சாகசம். அங்கேயே இருப்பவருக்கு மாதக்கணக்கில் முதுகுவலி.

காத்திருப்பது அந்த நிலத்தின் பழைய வழக்கமும்கூட. மரீ என்ற ஊரிலிருந்து பேர்ட்ஸ்வில்வரை 517 கிலோமீட்டர் நீளும் பேர்ட்ஸ்வில் பாதையில் 1936 முதல் லாரியில் தபால் கொண்டுபோன டாம் குரூஸ் அங்கே நாட்டுப்புறப் பாத்திரம்போலப் பேசப்படுபவர். 1954-ல் வெளிவந்த 'தி பேக் ஆஃப் பியாண்ட்' ஆவணப்படம் அவரை உலகறியச் செய்தது. கூப்பர் கிரீக் பெருக்கெடுத்த 1949-ல் சரக்கையும் தபாலையும் கடத்த 'டாம் பிரெனன்' என்ற சிறு இரும்புப் படகு கொண்டுவரப்பட்டது. அந்தப் படகு இன்றும் ஆற்றோரம் நினைவுச்சின்னமாக நிற்கிறது. இப்போதும் கூப்பர் பெருகிப் பாதையை மறித்தால் வண்டிகளை ஏற்றிக் கடத்த மிதவை இயக்குகிறார்கள். பாலைவனத்தின் நடுவே படகுத்துறை இருப்பதைப் பார்த்து முதல்முறை வருகிறவர்கள் சிரிப்பதுண்டு.

எங்கே நிறுத்துவது

வறண்ட ஆற்றுமணல் முகாமுக்கு ஆசை காட்டும் இடம். நிழல் தரும் செம்பிசின் மரங்கள், மெத்தைபோன்ற மணல், காற்றுக்கு மறைவு. மழைக்கு வாய்ப்பிருக்கும் நாளில் அங்கே நிறுத்தவே கூடாது. நள்ளிரவில் மேலே பெய்த மழை சத்தமின்றி வந்துசேரும். மேலும் அந்தப் பெரிய மரங்கள் காற்றே இல்லாதபோதும் கிளையை முறித்துப் போடுபவை.

மரக்கிளைகளைப் பார்த்தால் முந்தைய வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்பது தெரிந்துவிடும். காய்ந்த புல்லும் சருகும் சுள்ளியும் தலைக்கு மேலே கிளைக்கவட்டில் சிக்கியிருந்தால் அந்த உயரத்துக்கு நீர் வந்திருக்கிறது என்று பொருள். சுற்றிலும் பார்த்துவிட்டு, ஒரு மீட்டரானாலும் மேடான, சரளை அல்லது மணல் கலந்த இடத்தைத் தேடுவது நல்லது. சாலையிலிருந்து முகாமுக்கு வரும் கிளைத்தடம் எந்த மண் என்பதையும் கவனிக்க வேண்டும். இடம் மேடாக இருந்து, அதற்கு வரும் நூறு மீட்டர் களிமண்ணாக இருந்தால் அது தீவாகிவிடும். தீவாவது தவறல்ல, உணவும் நீரும் இருந்து, தெரிந்தே தீவானால் அது நல்ல முகாம்தான்.

கூடாரத்தை விரிக்கும்போது டிரெய்லரின் முகத்தைப் புறப்படும் திசைக்குத் திருப்பி வைப்பது அனுபவசாலிகளின் பழக்கம். ஈரமண்ணில் பின்னோக்கித் திருப்ப முயன்று புதைவதை இது தவிர்க்கிறது.

கித்தானும் நீரும்

கேம்பர் டிரெய்லர்களில் பொதுவாக இரண்டு வகை. ஒன்றில் கூடாரத்தின் தரைவிரிப்பு நேராக மண்மேல் விரியும். மற்றதில் டிரெய்லரின் மூடியே மடிந்து திறந்து கெட்டியான தரையாகும். முதல் வகையில் இடம் தாராளம், எடை குறைவு, விலையும் குறைவு. ஆனால் மழையில் சகதி தரைவிரிப்போடு ஒட்டி, மடிக்கும்போது படுக்கைமேல் வந்து உட்காரும். இரண்டாவது வகை மழைக்கு ஏற்றது. முழுக் காரவன் இரண்டையும்விட வசதி. ஆனால் எடையும் உயரமும் கூடுவதால் சகதியில் அதை மீட்பது தனிக் கொடுமை.

கூடாரத்துணி பெரும்பாலும் பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த தடித்த கித்தான். புதிதாக வாங்கியதும் வீட்டு முற்றத்தில் விரித்து, குழாய்நீரால் நன்றாக நனைத்து, முழுக்க உலரவிட வேண்டும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் நூலிழைகள் ஊதி, தையல் ஊசித் துளைகள் அடைபடும். இதைச் செய்யாமல் நேராக மழைக்குள் போகிறவர்கள் தையல் வழியே சொட்டுவதைப் பார்த்துவிட்டு விற்றவரைத் திட்டுகிறார்கள். காலையில் உட்புறம் காணும் ஈரம் எல்லாம் கசிவும் அல்ல. நான்கு பேர் மூச்சு குளிர்ந்த துணியில் பட்டு நீர்த்துளியாவதும் உண்டு. மழைக்குப் பயந்து எல்லாச் சன்னலையும் அடைத்தால் அது கூடும்; காற்று படாத பக்கத்துச் சன்னலைச் சற்றே திறந்துவைத்தால் குறையும்.

ஒட்டுப்பந்தலில் நீர் தேங்குவது கூடாரத்தை உடைக்கும் முதல் காரணம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர், ஒரு கிலோ. எட்டுச் சதுர மீட்டர் பந்தலில் 20 மில்லிமீட்டர் மழை விழுந்து வடியாமல் நின்றால் 160 கிலோ. இரண்டு வளர்ந்த ஆட்கள் கூரைமேல் படுத்திருப்பதற்குச் சமம். குழி விழ விழ அக்கம்பக்கத்து நீரும் அங்கேயே ஓடிவரும். கம்பம் வளையும், தையல் பிரியும். பந்தலின் ஒரு மூலைக் கம்பத்தை வேண்டுமென்றே தாழ்த்தி, நீர் அந்த மூலையில் ஒழுகுமாறு கட்டிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. அந்த மூலையில் வாளி வைத்தால் பாத்திரம் கழுவத் தண்ணீரும் கிடைக்கும். ஈரமண்ணில் சாதாரண முளைகள் பிடிப்பதில்லை. நீண்ட திருகுமுளை அல்லது அகன்ற மணல்முளை தேவை.

ஈரத்தோடு மடிக்க நேர்ந்தால் மெத்தைக்கும் கித்தானுக்கும் நடுவே தார்ப்பாய் ஒன்றை விரித்துக்கொள்ளலாம். ஆனால் அடுத்த வெயிலில் எந்த இடமானாலும் நிறுத்தி உலர்த்த வேண்டும். வெப்பமான நாட்களில் இரண்டு மூன்று நாள் ஈரமாகக் கிடந்தாலே கரும்பூஞ்சணம் பிடித்துவிடும். பிடித்த கறை போவதில்லை.

அடுப்பை உள்ளே கொண்டுவராதீர்கள்

மழையும் குளிரும் சேர்ந்த இரவில் சமையல் அடுப்பையோ தணல் நிறைந்த இரும்புச் சட்டியையோ கூடாரத்துக்குள் கொண்டுவரும் எண்ணம் தோன்றும். நனைந்த கித்தான் காற்றை எளிதில் விடாது. அடைபட்ட இடத்தில் கரியோ எரிவாயுவோ எரியும்போது கார்பன் மோனாக்சைடு சேர்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, தூக்கக் கலக்கம், பிறகு மயக்கம். தூங்குகிறவர் விழிக்காமலே இறந்துபோகிறார். அவிந்துபோனதாகத் தோன்றும் தணலும் மணிக்கணக்கில் இந்த வாயுவை விடும். சமைப்பது எவ்வளவு மழையானாலும் மூன்று பக்கம் திறந்த பந்தலின் கீழே மட்டும். படுக்கும் இடத்தில் பேட்டரியால் இயங்கும் எச்சரிக்கைக் கருவி ஒன்று மாட்டிவைப்பது செலவு குறைந்த காப்பு.

ஓடும் நீரில் டிரெய்லர்

சாலையைக் குறுக்கே வெட்டி ஓடும் நீரில் சாதாரணக் கார் தன்னந்தனியாகவே ஆபத்தானது. டிரெய்லர் இருந்தால் கணக்கு மாறுகிறது. புழுதி புகாதபடி நன்கு அடைத்துச் செய்த டிரெய்லர் பெட்டி உண்மையில் ஒரு படகு. இரண்டு மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் அகலமும் உள்ள பெட்டி 25 சென்டிமீட்டர் மூழ்கினால் அதை நீர் மேல்நோக்கித் தூக்கும் விசை 750 கிலோவுக்குச் சமம். சுமையோடு 1,300 கிலோ உள்ள டிரெய்லரின் சக்கரங்கள் தரையை அழுத்துவது அப்போது பாதிக்கும் கீழே போய்விடுகிறது. பக்கவாட்டு நீரோட்டம் அதைக் கீழ்ப்பக்கம் தள்ள, அது இணைப்புக் கொண்டி வழியே வண்டியின் பின்பகுதியைத் திருப்புகிறது. தனியாக இருந்தால் கடந்திருக்கக்கூடிய வண்டி, டிரெய்லரால் ஆற்றுக்குள் போகும். நடுவில் பின்வாங்கவும் இயலாது. நீரோட்டத்தில் டிரெய்லரைப் பின்னோக்கி நேராகத் தள்ள யாராலும் முடியாது.

நீர் தேங்கி நின்று, ஓட்டம் இல்லாமல், ஆழம் நன்றாகத் தெரிந்தால் மட்டுமே கடப்பதை யோசிக்கலாம். முதலில் நடந்து பார்ப்பது தென்பகுதி வழக்கம். வடக்கே அதுவும் கூடாது; கக்காடு பூங்காவின் கேஹில்ஸ் கிராசிங் போன்ற இடங்களில் உவர்நீர் முதலைகள் காத்திருக்கும். நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய சக்கரக் குடம் குளிர்ந்த நீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியே நீரை உறிஞ்சும். டிரெய்லர் பேரிங் கெட்டுப்போவதற்கு இது பெரிய காரணம். ஓடைக்கரையில் அரைமணி நேரம் நிறுத்தி, தேநீர் குடித்துவிட்டுப் போவதால் பேரிங் பிழைக்கும். அந்த அரைமணி நேரத்தில் எதிர்ப்பக்கம் வேறு வண்டி வந்தால் ஆழமும் தெரிந்துவிடும்.

புதைந்துவிட்டால்

வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து புதைந்தால் இரண்டையும் ஒன்றாக இழுக்க முயல்வது வீண். டிரெய்லரைக் கழற்றி, முதலில் வண்டியைக் கெட்டியான தரைக்குக் கொண்டுபோய், பிறகு நீண்ட கயிறு அல்லது வின்ச்சால் டிரெய்லரை இழுக்க வேண்டும். டயர் காற்றைக் குறைப்பது, சக்கரத்தின் முன்னே மண்ணைத் தோண்டி வழுக்காப் பலகை செருகுவது ஆகியவை உதவும்.

ஒன்று மட்டும் உயிர் சம்பந்தப்பட்டது. டிரெய்லரை மாட்டும் இரும்பு உருண்டையில் மீட்புக் கயிற்றைக் கட்டி இழுக்கக் கூடாது. ரப்பர்போல நீளும் அந்தக் கயிற்றின் இழுவிசையில் உருண்டை முறிந்தால் அது பீரங்கிக்குண்டுபோலப் பறந்து வரும். ஆஸ்திரேலியாவில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. அதற்கென்று தரமதிப்பிட்ட கொக்கிகளையே பயன்படுத்த வேண்டும். இழுக்கும்போது மற்றவர்கள் தள்ளி நிற்க வேண்டும்.

உதவி வேண்டுமானால் கைப்பேசியை நம்ப முடியாது. நெடுந்தூரத்துக்கு அலைகோபுரம் இல்லை. யூஎச்எஃப் வானொலியில் 40-ஆம் அலைவரிசையில் லாரி ஓட்டுநர்கள் பேசிக்கொள்வார்கள். அருகில் யாராவது இருந்தால் கிடைப்பார்கள். செயற்கைக்கோள் தொலைபேசியும், 406 மெகாஹெர்ட்ஸில் அபாயக் குறி அனுப்பும் கையடக்கக் கருவியும் கொண்டுபோவது இப்போது வழக்கமாகிவிட்டது. 1928-ல் தொடங்கிய பறக்கும் மருத்துவர் சேவை அவுட்பேக் மக்களின் உயிர்நாடி. ஆனால் அவர்கள் இறங்கும் மண் ஓடுதளங்களும் மழையில் நனைந்து மூடப்படும். வெயில் நாளில் இரண்டு மணி நேரத்தில் வரும் உதவி மழை நாளில் வராமலே போகலாம். ஆகவே இருதய நோய், நீரிழிவு போன்றவற்றுக்கு மருந்து உட்கொள்பவர்கள் கூடுதலாக இரண்டு வார மருந்து வைத்திருப்பது நல்லது. கிரே நோமேட்டுகள் பலருக்கும் இது பொருந்தும்.

காத்திருக்கும் நாட்கள்

ஐந்து நாள், ஒரு வாரம் என்று ஒரே இடத்தில் இருக்க நேரலாம். கழுத்தளவு தண்ணீர் சுற்றி நின்றாலும் அது குடிக்கும் தண்ணீர் அல்ல. கலங்கிய களிநீர், செத்த கால்நடைகளின் மாசு இரண்டும் அதில் உண்டு. குடிக்க மட்டும் ஒருவருக்கு நாளொன்றுக்கு நான்கைந்து லிட்டர் கணக்கிட்டு, பயண நாட்களுக்கு மேல் ஒரு வாரத்துக்குச் சேர்த்து ஏற்றிக்கொள்வார்கள்.

மின்சாரம் வேறு கவலை. கனத்த மேகத்தில் சூரியத் தகடுகள் தரும் மின்சாரம் வெயில் நாளில் தருவதில் சிறு பங்குதான். குளிர்பெட்டி மட்டுமே இரண்டு மூன்று நாளில் பேட்டரியைக் காலிசெய்துவிடும். எனவே முதலில் இறைச்சி, அப்புறம் காய்கறி, கடைசியில் அரிசி பருப்பு டின் உணவு என்று சாப்பிட்டுவந்தால் பெட்டியை அணைத்துவிடலாம். வண்டியின் இயந்திரத்தை ஓட்டிப் பேட்டரியை ஏற்றுவதும் வழிதான். எரிபொருள் போதுமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மழை விட்டு ஒன்றிரண்டு வாரத்தில் கொசு பெருகும். நீர்ப்பறவைகளிடமிருந்து கொசு வழியே மனிதருக்கு வரும் முர்ரே பள்ளத்தாக்கு மூளையழற்சி 1974, 2011, 2023 ஆகிய ஈர ஆண்டுகளில் பரவியது. இதற்குத் தடுப்பூசி இல்லை. முழுக்கைச் சட்டையும் கொசுவலையும் விரட்டி மருந்தும்தான் காப்பு. வடக்கே ஈரமண்ணில் வாழும் நுண்ணுயிரியால் மெலியோய்டோசிஸ் என்ற நோய் வருகிறது. காலில் புண் உள்ளவர்கள், நீரிழிவுக்காரர்கள் சேற்றில் வெறுங்காலோடு நடக்கக் கூடாது.

இத்தனை தொல்லைக்கும் நடுவே வேறொன்றும் நடக்கிறது. ஆண்டுக்கணக்கில் மண்ணுக்குள் உறங்கிய தவளைகள் கத்தத் தொடங்கும். சில வாரங்களில் செம்மண் முழுக்கப் பூ பூக்கும். பெலிக்கன் பறவைகள் கடற்கரையிலிருந்து எப்படியோ செய்தி அறிந்து உள்நாட்டு ஏரிகளுக்குக் கூட்டமாக வரும். இதைப் பார்ப்பதற்காகவே ஈர ஆண்டில் அவுட்பேக்குக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

மறுபடி புறப்படும்போது

வெயில் வந்ததும் கிளம்பிவிடத் தோன்றும். மேலே உலர்ந்த களி அடியில் ஈரமாகவே இருக்கும். நடந்துபார்த்துக் குதிகால் அழுந்தினால் இன்னும் ஆகவில்லை என்று பொருள். கிளம்பும் முன் சக்கரக் குடங்களைக் கையால் ஆட்டிப் பார்த்து, நீரில் இறங்கியிருந்தால் கிரீஸின் நிறத்தையும் பார்க்க வேண்டும். நீர் கலந்த கிரீஸ் பால்போல வெளுத்திருக்கும். மட்காப்புக்குள் காய்ந்த மண்ணைக் கம்பியால் பெயர்த்தெடுக்காவிட்டால் அது டயரைத் தேய்க்கும். டிரெய்லரின் மின்பிரேக்கும் பின்விளக்கும் வேலைசெய்கின்றனவா என்பதை நகரும் முன்னரே பார்த்துக்கொள்வது நல்லது. இணைப்புச் செருகியில் ஈரம் புகுந்திருக்கும்.

சாலை திறப்பதும் ஒரே நாளில் நடப்பதில்லை. பெரும்பாலும் முதலில் நான்கு சக்கர இயக்க வண்டிகளுக்கு மட்டும், அதுவும் சிலசமயம் எடை வரம்போடு திறக்கிறார்கள். பிறகு படிப்படியாக மற்ற வண்டிகளுக்கு. ஆகவே டிரெய்லரோடு இருப்பவர்கள் அறிவிப்பை முழுதாகப் படித்துவிட்டு, தங்களுக்கும் அது பொருந்துமா என்று உள்ளூர்க் காவல் நிலையத்திலோ சாலையோர விடுதியிலோ கேட்டுக்கொண்டு கிளம்புவது வழக்கம். பலரும் அதற்குப் பிறகும் இன்னொரு நாள் பொறுத்து, முன்னால் போன வண்டிகளின் தடம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கூடாரத்தை மடிக்கிறார்கள்.